பத்து பேருக்கு ஒரு சட்னி விருந்து

மதுரையில் நண்பர்கள் பத்து பேரை வீட்டுக்கு அழைத்து, ஆளுக்கொரு சமையல் குறிப்பைப் பகிரும் விருந்தைக் குறைந்த செலவில் நடத்துவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இட்லிக்கு நாலைந்து சட்னி வைக்கும் ஊர் இது. சட்னி விருந்தாகவே வையுங்கள்.

இட்லி உங்கள் பொறுப்பு. 1 கிலோ இட்லி அரிசி, 250 கிராம் உளுந்து, கொஞ்சம் வெந்தயம். 50 இட்லிக்குக் குறையாது. முந்தின நாள் மாலையில் ஆட்டி வையுங்கள்.

சட்னி ஆளுக்கு ஒன்று. யார் எதைக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். தேங்காய்ச் சட்னி நம் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், அதை மட்டும் உங்கள் வீட்டிலேயே கடைசியில் அரையுங்கள். மற்றவர்கள் காரச் சட்னி, புதினாத் துவையல், பீர்க்கங்காய்த் தோல் துவையல் என வதக்கி அரைத்தவற்றைக் கொண்டுவரட்டும். தூக்கிப்போடும் அந்தத் தோலில் அவ்வளவு மணம்!

குறிப்பில் ‘தேவையான அளவு புளி’ என்பது உதவாது. ‘நெல்லிக்காய் அளவு புளி, மிளகாய் 6’ என்று எழுதச் சொல்லுங்கள். வதக்கும் பக்குவத்தைச் செய்தவரே வாயால் சொன்னால்தான் புரியும்.

குடிக்கப் பருத்திப்பால் போதும். ஊறிய பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்த பாலில் அரிசிமாவைக் கரைத்துக் காய்ச்சி, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் சேர்த்தால் முடிந்தது.