மனநலம் கேள்வி – பதில்: ஊரடங்கும் சுபாவமும்

கேள்வி: கொரோனா ஊரடங்கில், எப்போதும் நாலு பேரோடு கலகலப்பாக இருக்கும் என் அக்கா வாடிப்போனது புரிந்தது. அதிகம் பேசாத எனக்கும் ஏன் மனம் அப்படிக் கனத்தது? என்னைப் போன்றவர்களுக்கு வீட்டுக்குள் இருப்பது சுலபம் என்றுதானே சொன்னார்கள்?

பதில்: பேசாதவருக்கு ஆள் தேவையில்லை என்பது தப்புக் கணக்கு. உளவியல் ஆளுமையை ஐந்து பண்புகளாக வைத்து அளக்கிறது: புறமுகத்தன்மை, எளிதில் கலங்கும் தன்மை, பொறுப்புணர்வு, இணக்கம், புதியதை ஏற்கும் மனம். மன அழுத்தத்தோடு மிக நெருக்கமாக ஒட்டிவருவதும், தனிமையுணர்வோடு நெருங்கி வருவதும் இரண்டாவதுதான். நியூரோடிசிசம் என்பார்கள். இது கூடுதலாக உள்ளவருக்குத் தெளிவில்லாததெல்லாம் ஆபத்தாகவே படும். நண்பர் பதில் போடத் தாமதித்தால், 'வேலையாக இருப்பார்' என்று தோன்றாது, 'என்னை ஒதுக்குகிறார்' என்றே தோன்றும். அதனால் தானே விலகுவார். விலக விலகத் தனிமை கூடும். தொற்றுக்காலமோ நாள் முழுக்கத் தெளிவில்லாத செய்திகளையே கொட்டியது.

அக்காவின் கதை வேறு. வெளியே போய்ப் பழகுவதில்தான் அவருக்குத் தெம்பு. அந்த வாசல் அடைபட்டது. உங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பிலும் வேலையிடத்திலும் தானாக அமைந்த பேச்சுதான் பெரும்பாலும் துணை. அது நின்றதும், நீங்களாகப் போன் செய்து அதை ஈடுகட்டியிருக்க மாட்டீர்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். மனம்விட்டுப் பேச ஒருவர் இல்லாதது ஒன்று, ஒரு கூட்டத்தில் நமக்கென்று இடம் இல்லாதது இன்னொன்று. ஒன்றின் மருந்து மற்றதற்குக் கேட்காது. பன்னிரண்டு பேர் சேரும் வீடியோ அழைப்பு அக்காவுக்கு உதவலாம். அதில் முறை வந்தால்தான் பேச முடியும், பக்கத்தில் இருப்பவரிடம் மெல்ல ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. உங்களுக்கு அது சோர்வையே தரும். வாரத்தில் குறித்த இரண்டு நாள், ஒரே ஒருவருடன் 20 நிமிடம் பேசுங்கள். அந்த நாட்களை முன்பே குறித்துவிட்டால், 'தொந்தரவு செய்கிறோமோ' என்ற தயக்கத்துக்கு இடமிருக்காது.

கேள்வி: எனக்கு இருப்பது தனிமையுணர்வுதானா என்று எப்படி அறிவது?

பதில்: அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (லாஸ் ஏஞ்சல்ஸ்) உருவான யூசிஎல்ஏ தனிமை அளவுகோலின் சுருக்க வடிவத்தில் மூன்றே கேள்விகள். துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? விடுபட்டுப் போனதாக? மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டதாக? அரிதாக என்றால் 1, சில சமயம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. மொத்தம் 3 முதல் 9 வரை வரும். 6ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்பது பல ஆய்வுகளில் பின்பற்றும் எல்லை. இது நோய்க் கணிப்பு அல்ல. கவலைச் செய்தி பார்த்த கையோடு நிரப்பினால் எண் ஏறிவிடும். வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே வேளையில் எழுதி, உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: நோய்ச் செய்தியை விடவும் முடியவில்லை, பார்த்தால் தூக்கமும் இல்லை. என்ன செய்வது?

பதில்: செய்திக்கு நாளில் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம், சுகாதாரத் துறையின் அறிவிப்பு மட்டும் போதும். கவலைக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள்: மாலையில் 20 நிமிடம், ஒரே நாற்காலி, தூங்கப்போவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு. மற்ற வேளையில் வரும் கவலையை ஒரு வரியில் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். மாலையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி: இதில் நான் செய்யக்கூடியது உண்டா? உண்டென்றால் அடுத்த அடியை எழுதுங்கள். இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். 20 நிமிடம் முடிந்து அலாரம் அடித்ததும் எழுந்து கைக்கு ஒரு வேலை கொடுங்கள்.

பலர் தவறுவது ஓரிடத்தில்தான். தள்ளிப்போடுவதற்குப் பதில், 'நினைக்கவே கூடாது' என்று அமுக்குவார்கள். அமுக்கிய நினைப்பு இன்னும் வேகமாகத் திரும்பும். முதல் சில நாட்கள் பிடிபடாது, விட்டுவிடாதீர்கள்.

தூக்கம், பசி, ஆர்வம் குறைந்து இரண்டு வாரமாகியும் மீளவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால், அன்றே ஒருவரிடம் சொல்லி, அவரையே துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.