உப்பு குறைவு என்று சொல்லும் விதம்

கேள்வி: டிவி சமையல் போட்டிகளில் நடுவர் கத்துகிறார், போட்டியாளரை அழ வைக்கிறார் என்று ஆளாளுக்குக் குறை சொல்கிறார்கள். எல்லாரும் எல்லாரையும் பாராட்டிக்கொண்டே இருந்தால் அதை யார் உட்கார்ந்து பார்ப்பது? நாலு திட்டு வாங்கினால்தானே தொழில் வரும்? என் 11 வயதுப் பெண் இப்போதெல்லாம் தோசையை ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, "இது ரிஜெக்ட்" என்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: எனக்குச் சிரிப்பு வரவில்லை அம்மா. ராத்திரி மாவு அரைத்து வைத்து, காலையில் ஸ்கூல் பஸ் வருவதற்குள் அந்தத் தோசையை வார்த்துப் போட்டது நீங்கள். உங்களுக்குத்தான் அவள் கையைக் கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறாள்.

யார் பார்ப்பது என்று கேட்டீர்கள். பிரிட்டனில் 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்று ஒரு போட்டி, 2010-ல் பிபிசியில் தொடங்கியது. ஒரு கூடாரத்துக்குள் வீட்டுச் சமையல்காரர்கள் கேக்கும் ரொட்டியும் செய்வார்கள், அவ்வளவுதான். ஜெயித்தவருக்குப் பணம் கிடையாது. ஒரு பூங்கொத்து, கேக் வைக்கிற ஒரு தட்டு. 2016-ல் அதன் இறுதிச் சுற்றை 1 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

அந்த நல்ல குணம் அங்கே தானாக வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் போட்டியாளர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி, இறந்துபோன பாட்டியைப் பற்றிப் பேசச் சொல்லி அழ வைக்கப் பார்த்திருக்கிறார்கள். தொகுப்பாளர்களான மெல், சூ என்ற இரண்டு பெண்களும் இதற்கு நாங்கள் ஆளில்லை என்று விலகிவிட்டார்கள். பேசி, போக்கு மாறிய பிறகுதான் திரும்பி வந்தார்கள். அப்புறமும் யாராவது கண் கலங்கினால் பக்கத்தில் போய் நின்று, வேண்டுமென்றே கெட்ட வார்த்தை பேசுவார்களாம். அந்தக் காட்சியை ஒளிபரப்ப முடியாமல் போகட்டும் என்பதற்காக! அவர்களே பேட்டிகளில் சொன்னது இது. ஒருவருடைய அழுகையை ஊர் பார்க்காமல் இருக்கத் தன் வாயைக் கெடுத்துக்கொண்டவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

அதே நிகழ்ச்சியிலும் 2014-ல் ஒரு சறுக்கல் நடந்தது. ஒருவருடைய ஐஸ்கிரீமை இன்னொரு போட்டியாளர், வயதான பெண்மணி, ஃப்ரீஸரிலிருந்து வெளியே எடுத்து வைத்தார். ஐஸ்கிரீம் உருக, செய்தவர் எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டார். வெளியே இருந்தது 40 வினாடிதான் என்று சூ பிறகு சொன்னார். ஆனால் வெட்டி ஒட்டிய காட்சியைப் பார்த்த ஜனங்களுக்கு அந்த அம்மாள் சதிகாரியாகத்தான் தெரிந்தார், திட்டித் தீர்த்துவிட்டார்கள். எது எதற்குப் பக்கத்தில் வருகிறது, எங்கே இசை ஏறுகிறது என்பதை எடிட்டிங்கில்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாதிச் சண்டை காணாமல் போய்விடும்.

இந்தக் கதைக்கு லண்டன் வரை போக வேண்டியதும் இல்லை. 'குக் வித் கோமாளி' 2019-ல் விஜய் டிவியில் வந்தபோது நடுவர்கள் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் சிரித்துக்கொண்டேதான் ருசி பார்த்தார்கள். இங்கே நம் தமிழ் வீடுகளில் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

சரி, கண்டிப்பு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். வேகாத கறியை வெந்தது என்று சொல்லக் கூடாது. ஆனால் உப்பு குறைவு என்பது பதார்த்தத்தைப் பற்றிய பேச்சு. நீ எதற்கும் லாயக்கில்லை என்பது ஆளைப் பற்றிய பேச்சு. முதலாவதைக் கேட்டவர் உப்புப் போடுவார். இரண்டாவதைக் கேட்டவர் என்ன செய்வார்?

கத்துவதற்கே பேர்போன நடுவர் கார்டன் ராம்சேவை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் அமெரிக்காவின் 'மாஸ்டர்செஃப்' சமையல் போட்டியில் கண் பார்வையில்லாத கிறிஸ்டின் ஹா ஓர் ஆப்பிள் பை செய்துவிட்டு, பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று கலங்கி நின்றார். ராம்சே அது எப்படி இருக்கிறது என்று நிறுத்தி நிதானமாக வர்ணித்தார். மேலோட்டை வறட் வறட்டென்று சுரண்டி, மொறுமொறுப்பை அவர் காதால் கேட்க வைத்தார். அந்த வருடம் பட்டம் வென்றது கிறிஸ்டின்தான். எத்தனையோ சத்தம் போட்ட மனிதரிடமிருந்து என் மனதில் தங்கியது அந்தச் சுரண்டல் சத்தம் ஒன்றுதான்.

மும்பைக்கு வந்த புதிதில் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் புதுப் பையன் வைத்த ரசம் கடுத்துப்போய்விட்டது. தலைமைச் சமையல்காரர், பாலக்காட்டு மாமா, ஒரு கரண்டி உள்ளங்கையில் விட்டு உறிஞ்சிப் பார்த்தார். "ரசம் தளதளன்னு கொதிக்கப்படாதுடா. நுரை கட்டினதும் எறக்கிடணும்" என்றார், எங்கள் யார் காதிலும் விழாத குரலில். சமையலறை வாசலுக்குப் பக்கத்து மேஜையில் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது. அவர் கறாரான ஆள்தான். அன்றைக்கு அந்த ரசத்தை எங்கள் இலைக்கு வர விடவில்லை, புதிதாக வைக்கச் சொன்னார். அடுத்த மாதம் பந்தி முழுக்க அந்தப் பையன் ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை கரண்டியை உங்கள் பெண்ணிடம் கொடுங்கள். முதல் தோசை சரியாக வராது. மாவு கரண்டியோடு சுருண்டுகொண்டு வந்தால் கல்லில் சூடு அதிகம். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பாதி வெங்காயத்தால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லுங்கள்.