வாசகர் கேள்வி: ஆட்டுத் தீவனச் செலவைக் கணக்குப் போட்டுக் குறைக்க முடியுமா?

கேள்வி: நாங்கள் ஆடு வளர்க்கிறோம். மேய்ச்சல் குறையும் மாதங்களில் அடர்தீவனம் வைக்கிறோம். கிலோ மக்காச்சோளம் 24 ரூபாய், கடலைப் புண்ணாக்கு 45 ரூபாய். சீமைக்கருவேல நெத்தைப் பொறுக்கி அரைக்க 12 ரூபாய் ஆகிறது. ‘சால்வர்’ என்ற கணினிக் கருவியைக் கொண்டு கணக்கிட்டால் செலவு குறையும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். உண்மையா?
– ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: உண்மைதான். இந்தக் கணக்குக்கு நேரியல் திட்டமிடல் என்று பெயர். ஆட்டுக்கு வேண்டிய சத்துகளை நிபந்தனைகளாக எழுதிவிட்டு, அவற்றுள் ஒன்றையும் மீறாத கலவைகளில் விலை குறைந்தது எது என்று தேடுவதே இதன் வேலை. 1945-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் மனித உணவுக்கு இத்தகைய கணக்கை ஏறத்தாழ ஊகமாகவே தீர்த்து, ஒருவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 39.93 டாலர் செலவாகும் என்றார். 1947-இல், இத்தகைய கணக்குகளைத் தீர்க்க அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை 39.69 டாலர் என்று சரியான விடையைத் தந்தது.

உங்கள் விலைகளையே வைத்துப் பார்ப்போம். நூறு கிலோ கலவையில் தாது உப்பும் கறியுப்பும் 3 கிலோ, புரதம் 16 கிலோவுக்குக் குறையாமல், நெத்து 20 கிலோவுக்கு மிகாமல் இருக்கட்டும். புரதம் மக்காச்சோளத்தில் சுமார் 9 விழுக்காடு, புண்ணாக்கில் 42, நெத்தில் 12 என்று கொண்டால், நெத்து 20, மக்காச்சோளம் 56.8, புண்ணாக்கு 20.2 கிலோ என்று விடை வருகிறது. உப்புகள் நீங்கலாகச் செலவு ஏறத்தாழ 2,512 ரூபாய். நெத்தே சேர்க்காவிட்டால் 2,790 ரூபாய் ஆகும்.

கலவையின் அளவுகளை விட, கணக்கோடு கூடவே கிடைக்கும் ‘நிழல் விலை’யைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். புரதத்தை ஒரு கிலோ கூட்டினால் நூறு கிலோ கலவைக்குச் சுமார் 64 ரூபாய் கூடும் என்று அது சொல்லிவிடுகிறது. ஆகவே தேவைக்கு மேல் புரதம் ஊட்டுவது எவ்வளவு பெரிய வீண் செலவு என்பது தெளிவாகிறது. உங்கள் மாவட்டத்தின் மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்புகள் இருப்பதால், தேங்காய்ப் புண்ணாக்கை வாங்கலாமா என்ற கேள்வியும் எழும். அதில் 20 விழுக்காடு புரதம் என்று வைத்தால், கிலோ 31 ரூபாய்க்குக் கீழே கிடைக்கும்போது மட்டுமே அது உங்கள் கலவைக்குள் வரத் தகும்.

எழுதாத நிபந்தனை கணினிக்குத் தெரியாது. நெத்தை நன்கு காயவைத்து அரைக்காவிட்டால், கடினமான விதைகள் சாணத்தோடு முழுதாக வெளியேறுவதோடு, போன இடமெல்லாம் சீமைக்கருவேலமும் முளைக்கும். கடலோர ஈரக்காற்றில் கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்து அஃப்லடாக்சின் நஞ்சு உண்டாகலாம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அத்தகைய சரக்குக்குக் கணக்கில் இடம் தரக் கூடாது. எரிசக்தி, கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அளவுகளை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு நிபந்தனைகளாகச் சேர்த்துக்கொண்டு, விலை மாறும்போதெல்லாம் மகளைக் கொண்டு மறுபடி கணக்கிடுங்கள்.