கீசரை மாற்றுவதா, அதன் கட்டுப்பாட்டை மாற்றுவதா?

குமரி மாவட்டத்தில் வீட்டைச் சூடேற்ற வேண்டிய தேவை எப்போதும் வந்ததில்லை. ஆனால் வெந்நீர் இல்லாத வீடு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பிரசவித்த பெண்ணுக்கும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பவருக்கும், ஆடி மாதச் சாரலில் மூட்டுவலியோடு எழும் முதியவருக்கும் வீட்டின் பின்புறம் கொதும்பையும் மட்டையையும் எரித்து அண்டாவில் காய்ச்சிய நீர், இப்போது குளியலறைச் சுவரில் தொங்கும் கருவியிலிருந்து வருகிறது. அண்டாவின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தே அறிந்தோம். கருவிக்குள் அந்த வேலையைச் செய்யும் சிறு உறுப்புகளைப் பற்றி இம்முறை பல கேள்விகள் வந்திருக்கின்றன.

கேள்வி: எங்கள் வீட்டில் 25 லிட்டர் கீசர் ஒன்பது ஆண்டுகளாக ஓடுகிறது. கைபேசியிலிருந்து இயக்கும் புதிய வகையை வாங்கும்படி கடையில் சொல்கிறார்கள். வீட்டில் 78 வயதான என் மாமியாரும் மூன்று வயதுப் பேத்தியும் இருக்கிறார்கள். பழைய கீசரிலேயே டைமர் பொருத்தினால் போதாதா? இரவு முழுவதும் சுவிட்சைப் போட்டு வைத்தாலும் தெர்மோஸ்டாட் தானாக நிறுத்திவிடுவதால் செலவு கூடாது என்று என் கணவர் சொல்வது சரியா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: தொட்டியில் கசிவோ, குழாயில் துருநீரோ இல்லையென்றால் கீசரை மாற்ற வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அதன் கட்டுப்பாட்டு உறுப்புகளைச் சரிசெய்யச் செலவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 860 லிட்டர் நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறத்தாழ 1 அலகு மின்சாரம் வேண்டும். நம் ஊர்த் தொட்டி நீர் 27 டிகிரியில் இருப்பதாகக் கொண்டால், 25 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 0.96 அலகு ஆகும். 2,000 வாட் கருவி அதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும். 20 லிட்டர் வாளிக்கு அந்த நீரில் 8 லிட்டரும் பச்சைத் தண்ணீர் 12 லிட்டரும் கலந்தாலே 40 டிகிரி வந்துவிடும். ஆகவே மூன்று பேர் வாளியில் குளிக்க ஒரு முறை காய்ச்சிய நீரே போதும். இரவு முழுவதும் ஓட வேண்டிய தேவை எங்குமே இல்லை.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. தெர்மோஸ்டாட் நிறுத்துகிறது, ஆனால் தொட்டியின் சூடு உறையின் வழியே வெளியேறிக்கொண்டே இருப்பதால், சிறிது ஆறியதும் அதுவே மீண்டும் இயக்குகிறது. ஓர் இரவு குழாயைத் திறக்காமல் விட்டு, கருவியின் சிவப்பு விளக்கு மொத்தம் எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்தால் வீணாகும் அளவு தெரிந்துவிடும். 2,000 வாட் கருவியில் அந்த விளக்கு 30 நிமிடம் எரிந்தால் ஓர் அலகு போயிற்று என்று பொருள். நம் மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கில் படிப்படியாக ஏறுவது என்பதால், சிறு வீணும் மேல்படியின் விலையிலேயே வந்து விழும்.

டைமர் நல்ல யோசனைதான். 2,000 வாட் கருவி 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும் என்பதால், விளக்குகளுக்கு விற்கப்படும் 6 ஆம்பியர் டைமரைப் பொருத்தினால் அது உருகும். 16 ஆம்பியர் தாங்கும் டைமராக வாங்கி, குளியலறைக்கு வெளியே பொருத்துங்கள். மின்தடை வந்தால் பேட்டரி இல்லாத சுழல் டைமர் அவ்வளவு நேரம் பின்தங்கிவிடும். பிறகு காலை ஐந்து மணிக்கு வர வேண்டிய வெந்நீர் ஏழு மணிக்கு வரும். ஆகவே உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் வகையே நமக்கு ஏற்றது.

ஆயினும் உங்கள் வீட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது டைமரை அல்ல, வெப்ப அளவை. 60 டிகிரி நீர் பெரியவர் தோலையே சில விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். 50 டிகிரியில் அதே காயத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் கையை விலக்கிக்கொள்ள முடியும். நீரிழிவால் பாத உணர்வு குறைந்த முதியவருக்குச் சூடு தெரியவே தாமதமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றாடம் காய்ச்சி அன்றே தீர்க்கும் சிறு தொட்டிக்கு 50 டிகிரியே போதும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் 60 வரை ஏற்றிவிட்டால், வெதுவெதுப்பான நீரில் வளரும் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் தங்காது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துவிட்டு, அதன் பிறகே வெந்நீரைத் திறக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் கைக்கொள்ள வேண்டும். தானாகவே கலந்து ஒரே சூட்டில் தரும் தெர்மோஸ்டாட்டிக் மிக்சரும் கிடைக்கிறது. ஆனால் 3 மீட்டர் உயரத்தில் உள்ள மேல்தொட்டி 0.3 பார் அழுத்தமே தரும் என்பதால், அந்த அழுத்தத்தில் அது வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னும் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு மின்சாரம் நிற்காமல் போனால், கட்-அவுட் என்னும் காவல் உறுப்பு இணைப்பைத் துண்டிக்கும். அது அடிக்கடி விழுகிறதென்றால் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது என்று பொருள். அப்போது தெர்மோஸ்டாட்டை மாற்றாமல் கட்-அவுட்டை விலக்கி வயரை நேராக இணைத்துத் தருபவரை, எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவரானாலும், மறுபடி அழைக்காதீர்கள். மற்றது பாதுகாப்பு வால்வு. 25 லிட்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 300 மில்லி அளவுக்கு விரிகிறது. திரும்பிப் போக வழியில்லாத அமைப்பில் அந்த நீர் வால்வின் வழியே சொட்டுவது இயல்பே. அதைக் கோளாறு என்று எண்ணி எம்-சீல் வைத்து அடைப்பதைப் பல வீடுகளில் காண்கிறேன். வால்வும் அடைபட்டு, கட்-அவுட்டும் விலக்கப்பட்ட தொட்டி, கொதிக்கும் நீரோடு வெடிக்கக்கூடிய கலம். இன்றே பாருங்கள். கூடவே நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் இருக்கிறது. மழை நாட்களில் உள்ளே உள்ள மின் காயிலைப் போட்டால் மின்கட்டணம் எகிறுகிறது. கிணற்று நீர் உப்பு. என்ன மாற்றம் செய்யலாம்?
வாசகர், குளச்சல்

பதில்: தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மாவட்டத்தில் இந்தக் காயில் இல்லாமல் முடியாது. ஆனால் அது நீங்கள் குளிக்கும் நீரை மட்டுமல்ல, தொட்டி முழுவதையும் காய்ச்சுகிறது. 27 டிகிரியிலிருந்து 60 வரை என்றால் ஒரு நாளைக்கு 7.7 அலகு; 45 டிகிரியில் நிறுத்தினால் 4.2 அலகுதான். காயிலின் தெர்மோஸ்டாட்டை 45-இல் வைத்து, அதிகாலையில் மட்டும் இயங்குமாறு டைமரோடு இணையுங்கள். மாலையில் காயிலைப் போட்டால் இரவு ஆறுவதும் உங்கள் செலவில்தான். அதோடு மறுநாள் வெயில் வந்தாலும் ஏற்கெனவே சூடான தொட்டியில் அதற்கு வேலை இருக்காது. தொடர்ந்து பல நாள் வெயிலே இல்லையென்றால் வாரம் ஒருமுறை 60 வரை ஏற்றிவிடுங்கள்.

உப்பைப் பொறுத்தவரை இரண்டு வேறு கேடுகள் இருக்கின்றன. நீரின் கடினத்தன்மை காயில் மீதும் தெர்மோஸ்டாட் தண்டின் மீதும் வெள்ளைப் படிவமாகப் படிகிறது. அந்தப் படிவத்துக்குள் இருக்கும் தண்டு நீரின் உண்மையான சூட்டைத் தாமதமாகவே உணரும் என்பதால், கட்டுப்பாடே பிழையாகிவிடும். கடலோரக் கிணற்றின் குளோரைடோ துருப்பிடிக்காத எஃகையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை படிவத்தை நீக்கி, தொட்டிக்குப் பதிலாகத் தானே கரைந்து அதைக் காக்கும் மெக்னீசிய ஆனோடு தண்டு தீர்ந்திருந்தால் மாற்றுங்கள். அடுத்த முறை வாங்கும்போது, வெயிலை வாங்கும் தகடுகளுக்குள் கிணற்று நீர் ஓடாத வெப்பப் பரிமாற்றி வகையைக் கேளுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரியும் என் மகள் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறாள். கேஸ் பாய்லரும் வெந்நீர் உருளையும் ஒரே டைமரில் ஓடுகின்றன. மாடி வேகிறது, கீழே குளிர்கிறது என்கிறாள். பாய்லரை மாற்றாமல் சரிசெய்ய முடியுமா?
வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முடியும். அங்கே பாய்லர் சூடாக்கும் நீர் ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டர்களுக்கும், உருளைக்குள் இருக்கும் சுருள்குழாய்க்கும் சுற்றிவருகிறது. அறைச் சூட்டுக்கும் வெந்நீருக்கும் தனித்தனி நேரம் குறிக்கும் புரோகிராமர், கீழ்த்தளத்தில் ஓர் அறைத் தெர்மோஸ்டாட், உருளையின் உடலில் ஒரு தெர்மோஸ்டாட், இவை சொல்லும்போது மட்டும் திறக்கும் மோட்டார் வால்வுகள் ஆகியவை சேர்ந்தால், எதற்கும் சூடு தேவைப்படாத நேரத்தில் பாய்லர் எரியாது. மாடி ரேடியேட்டர்களுக்குத் தெர்மோஸ்டாட்டிக் வால்வு பொருத்தினால் அந்த அறைகள் வேகாது. அறைத் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டரில் மட்டும் அந்த வால்வு வேண்டாம். வால்வு முந்திக்கொண்டு மூடினால், சூடு போதவில்லை என்று எண்ணித் தெர்மோஸ்டாட் பாய்லரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

உருளையின் வெப்ப அளவை அங்கே 60 டிகிரியில் வைக்கட்டும், அதற்குக் கீழே வேண்டாம். பாய்லர், புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்து வெப்பத்தை மீட்கும் கண்டென்சிங் வகை என்றால், திரும்பிவரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் அதன் முழுப் பயன் கிடைக்கும். அறைத் தெர்மோஸ்டாட்டை 30-க்குத் திருகினால் வீடு விரைவாகச் சூடாகும் என்பது தவறு. அதே வேகத்தில்தான் சூடாகும், நிற்கத்தான் மறக்கும். பாய்லரைத் தொடும் எந்த வேலையையும் கேஸ் வேலை செய்வோருக்கான அந்நாட்டுப் பதிவேடான கேஸ் சேஃபில் பதிவு பெற்றவரிடமே கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாளியில் போடும் ஹீட்டர் ராடுக்கு டைமர் பொருத்தினால் பாதுகாப்பாகுமா?
மாணவர், வடசேரி

பதில்: ஆகாது. சாதாரண ராடில் தெர்மோஸ்டாட்டும் இல்லை, கட்-அவுட்டும் இல்லை. நீர் வற்றினாலும் வாளி கவிழ்ந்தாலும் டைமருக்கு அது தெரியாது. குறித்த நிமிடம்வரை ராடு எரிந்துகொண்டே இருக்கும். தங்குமிடத்தின் உரிமையாளரிடம் கேட்டு, 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் ஒன்றை எர்த்தோடு பொருத்தச் சொல்லுங்கள். அதுவரை ராடைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள்.