சொந்த ஊரில் வேலை, சென்னையில் ஆபீஸ்: வாசகர் கேள்வி பதில்

கே: கொரோனாவில் வீட்டிலிருந்து தொடங்கிய வேலை இப்போது ‘மாதம் ஒரு வாரம் ஆபீஸ் வந்தால் போதும்’ என்று ஆகியிருக்கிறது. சென்னையில் 18,000 ரூபாய் வாடகை. வீட்டைக் காலி செய்துவிட்டு நெல்லையில் அப்பா வீட்டுக்குப் போய்விடலாமா? (வாசகர், வேளச்சேரி)

ப: மாதம் ஒரு வாரம் என்றால் போகலாம். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் வேண்டாம். மாதத்துக்கு நான்கு முறை 650 கிலோமீட்டர் போய்வந்தால் மிச்சப்படும் வாடகையில் பெரும்பகுதி டிக்கெட்டிலும் விடுதியிலும் கரைந்துவிடும், உடம்பும் தாங்காது. ‘ஒரு வாரம்’ என்பதை மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னாரா, மெயிலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலாளர் மாறினால் வாய்வார்த்தை நிற்காது.

அட்வான்ஸ் விஷயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போகத் திருப்பித் தரவேண்டும். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னையில் வழக்கம். ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே படியுங்கள். காலி செய்வதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சொல்லுங்கள். சாவி கொடுக்கும் நாளில் ஈபி மீட்டரையும் ஒவ்வொரு அறைச் சுவரையும் படம் எடுத்து வையுங்கள். பெரும்பாலான தகராறு இந்த இரண்டில்தான் வருகிறது.

வரியையும் பாருங்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் வீட்டு வாடகைப்படி விலக்கு. புதிய முறையில் கிடையாது. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 40,000, வாடகைப்படி 20,000 என்று வைப்போம். வாங்கும் படி, கொடுத்த வாடகையில் பேசிக்கின் 10 சதவீதம் கழித்தது, பேசிக்கில் 50 சதவீதம் (சென்னை) அல்லது 40 சதவீதம் (நெல்லை), இம்மூன்றில் எது குறைவோ அதுவே விலக்கு. சென்னையில் 18,000 வாடகைக்கு மாதம் 14,000 கிடைத்தது, அப்பாவுக்கு 12,000 கொடுத்தால் 8,000 ஆகிவிடும். அப்பாவுக்கு வாடகை கொடுப்பது தவறில்லை. ஆனால் வீடு அவர் பெயரில் இருக்கவேண்டும், பணம் வங்கி வழியாகப் போகவேண்டும், அவர் அதைத் தன் வருமானமாகக் காட்டவேண்டும் (வீட்டு வரியும், மீதியில் 30 சதவீதமும் அவருக்குக் கழிவு உண்டு). வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் அவருடைய பான் எண்ணை உங்கள் ஆபீஸ் கேட்கும். ஊருக்குப் போன பிறகும் பழைய சென்னை ரசீதையே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கே: மாதாந்திர ஷட்டவுன் அன்று காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் இருந்தும் மீட்டிங்கில் நெட் போய்விடுகிறது. என்ன காரணம்? (வாசகி, தென்காசி)

ப: இதில் இரண்டு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. பேட்டரி தாங்குகிறதா என்பது ஒன்று. 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கும். இன்வெர்ட்டரில் வீணாவதையும், பேட்டரியை அடிவரை வடிக்கக்கூடாது என்பதையும் கழித்தால் கையில் நிற்பது ஏறக்குறைய 1,000. ஃபேன் 75 வாட், லேப்டாப் 65, டியூப்லைட் 20, நெட் பாக்ஸ் 12 என்று 170 வாட் ஓடினால் ஆறு மணி நேரம் வரும். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாற்றினால் எட்டு மணி நேரம். இதெல்லாம் நல்ல பேட்டரிக்கு. டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் கேன் தண்ணீரோ ஏசியில் வடிந்த தண்ணீரோ ஊற்றிய பேட்டரி என்றால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அதிலுள்ள உப்பும் உலோகத் துகளும் பேட்டரித் தகட்டைக் கெடுத்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிதவை பச்சைக் கோட்டில் நிற்கும்வரை ஊற்றினால் போதும். ஃபேன் ‘ங்ங்’ என்று இரைந்து, லேப்டாப் சார்ஜர் சுடுகிறதென்றால் அது கரண்டைச் சீராகத் தராத ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். வேலைக்கு, சீராகத் தரும் சைன் வேவ்தான் சரி.

அடுத்தது உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கும் சிக்கல். கரண்ட் போனதும் நெட் பாக்ஸில் ‘லாஸ்’ (LOS) விளக்கு சிவப்பாகிறதா என்று பாருங்கள். சிவப்பானால், ஆபரேட்டர் பக்கமிருந்து கேபிளில் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். உள்ளூர் கேபிள்காரர்கள் சிலர் நெட் இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும், கரண்டில் ஓடும் ‘ஸ்விட்ச்’ பெட்டியைக் கம்பத்தில் வைத்திருப்பார்கள். தெருவில் கரண்ட் போனால் அதுவும் படுத்துவிடும். உங்கள் வீட்டில் எத்தனை இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. அதற்கு பேக்கப் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் ஆபரேட்டரை மாற்றுங்கள். லாஸ் சிவப்பாகாமல் பாக்ஸே ஒரு நொடி அணைந்து எரிகிறதென்றால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும் நேரம்தான் காரணம். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை பாக்ஸுக்கு மட்டும் போட்டால் தீரும். மொபைல் ஹாட்ஸ்பாட் தற்காலிகத்துக்கு மட்டுமே. வீடியோ மீட்டிங் மணிக்கு ஒரு ஜிபி அளவுக்கு இழுக்கும். தினம் 2 ஜிபி பேக் மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிடும்.

கே: வீட்டிலேயே வேலை செய்ய ஆரம்பித்ததும் ஈபி பில் திடீரென்று எகிறியது ஏன்? (வாசகர், திருச்சி)

ப: இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியிருக்கும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரைக்கும் சலுகை விலை போய்விடும். பகலில் எட்டு மணி நேரம், மாதம் 22 நாள் ஓடும் ஒன்றரை டன் ஏசி மட்டுமே இரண்டு மாதத்தில் 300 யூனிட் அளவுக்கு எடுக்கும். மீட்டரை மாதத்துக்கு ஒருமுறை நீங்களே குறித்து வையுங்கள்.

கே: மாதாமாதம் சென்னை போக ரயில் டிக்கெட் எப்படி எடுப்பது? அப்பாவுக்கு முதியோர் சலுகை உண்டா? (வாசகி, பாளையங்கோட்டை)

ப: முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ணவேண்டும்: அக்டோபர் 30 பயணத்துக்கு ஆகஸ்ட் 31 காலை 8 மணி. ஆபீஸ் வாரத்தை இரண்டு மாதம் முன்பே மேலாளரிடம் கேட்டு வாங்கி, போகவும் வரவும் ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள். ஞாயிறு இரவு வண்டிக்குப் போட்டி அதிகம். சனி இரவோ, பகல் வந்தே பாரத்தோ பாருங்கள். ஆன்லைன் தத்கலுக்கு 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு கட்டாயம். கன்ஃபர்ம் ஆன தத்கலை ரத்து செய்தால் பணம் வராது.

முதியோர் சலுகையை 2020 மார்ச்சில், தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். ரயில்கள் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகும் அது திரும்பவில்லை. இதில் நமக்கு மிகுந்த வருத்தம் உண்டு. கீழ் பெர்த் மட்டும் கேட்கலாம். முன்பதிவில் வயதைச் சரியாகக் குறிப்பிட்டு, அப்பாவைத் தனி டிக்கெட்டில் மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் போடுங்கள். நான்கு பேரோடு ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது.