பணியிட மரியாதைப் பயிற்சி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வேலூரை அடுத்த ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சென்ற மாதம் எங்களுக்குப் பணியிட மரியாதை குறித்து அரைநாள் பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் ஆங்கிலத்தில் படக்காட்சி போட்டுப் பேசினார். பின்வரிசை ஆண் ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். துப்புரவுப் பணி செய்யும் அம்மா ஒருவர் பாதியில் வந்து வாசலில் நின்று கேட்டார். "கதவைச் சாத்திட்டுப் போம்மா, உனக்கில்ல இது" என்று முதல்வர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. அந்த மதியத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். முடிவில் சான்றிதழ், குழுப் படம், சமோசா. இப்போது, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் என்னை உறுப்பினராகப் போடப்போவதாக முதல்வர் சொல்கிறார். எங்கள் துறைத் தலைவரும் அதில் இருக்கிறார். இத்தகைய பயிற்சிகளால் பயன் உண்டா? நான் இந்தப் பொறுப்பை ஏற்கலாமா?

ர., காட்பாடி

அன்புள்ள ர.,

உங்கள் கேள்விகள் இரண்டு. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியைத் தாண்டி என்னால் எளிதில் வர முடியவில்லை. கல்லூரிகளில் மரியாதையின் பெயரால் நடக்கும் இந்த அரைநாள் சடங்குகளைப் பற்றி எழுத வேண்டும் என்று சில மாதங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்திராவிட்டால் அது இன்னும் சற்றுச் சாந்தமான கட்டுரையாக இருந்திருக்கும்.

சிறிய விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். பின்வரிசையில் சிரித்தார்கள் என்கிறீர்கள். சிரிக்கட்டும், வயது வந்தவர்களைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தால் எந்தக் கூட்டத்திலும் பின்வரிசை சிரிக்கத்தான் செய்யும். சான்றிதழும் குழுப் படமும், கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் (NAAC) குழுவுக்குக் காட்டும் கோப்புக்குள் போகும் என்பது நம் இருவருக்கும் தெரியும். சமோசாவைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை.

அந்த அம்மாவைக் கதவைச் சாத்தச் சொன்னபோது நீங்களும் சிரித்தீர்கள். சிரித்ததைவிட, பிறகு ஆற அமர உட்கார்ந்து எழுதும்போதும் அது உங்களுக்கு ஒரு வேடிக்கையாகவே தோன்றியிருக்கிறது என்பதுதான் எனக்குக் கோபம் தருகிறது. பயிற்சியாளரின் ஊரை எழுதினீர்கள், துறைத் தலைவரின் பதவியை எழுதினீர்கள். அந்த அம்மா ஏன் வாசலில் நின்று கேட்டார் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. புரியாத ஆங்கிலத்தில் நடந்த ஒரு பேச்சை, கையில் துடைப்பத்தோடு நின்று யாரும் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. திரையில் தெரிந்த ஏதோ ஒரு படம் அவருக்குப் புரிந்திருக்கிறது.

அந்தப் பயிற்சி அவருக்கு உரியதல்ல என்று உங்கள் முதல்வர் நினைக்கிறார். 2013ஆம் ஆண்டின் சட்டம் அப்படி நினைக்கவில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான அந்தச் சட்டம், நிரந்தரமாக இருப்பவர், தற்காலிகமாக இருப்பவர், தினக்கூலிக்கு வருபவர், ஒப்பந்தக்காரர் வழியாக வருபவர், அப்படி ஒருவர் வேலை செய்வதே நிர்வாகத்துக்குத் தெரியாத நிலையில் இருப்பவர், ஊதியமே வாங்காமல் தொண்டாக வேலை செய்பவர் என்று எல்லோரையும் பணியாளர் என்றே கணக்கில் கொள்கிறது. வேலைக்கு வந்துபோக நிர்வாகம் தரும் வாகனமும் பணியிடத்தில் அடக்கம். உங்கள் கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநரையும் உதவியாளரையும் அன்றைக்கு யாரேனும் அழைத்தார்களா? புகார் கொடுக்கும் பெண் அந்த நிறுவனத்தின் பணியாளராக இருந்தாக வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்பதில்லை. ஆகவே, "அவங்க ஏஜென்சி ஆளு, நம்ம ஆளு இல்ல" என்று கல்லூரி அலுவலகங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் பதிலுக்கு அதில் இடமே கிடையாது.

இந்தச் சட்டம் யாரால் வந்தது என்பதை உங்கள் பயிற்சியாளர் சொன்னாரா என்று தெரியவில்லை. ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் சொற்ப மதிப்பூதியத்துக்குக் கிராமப் பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். குழந்தைத் திருமணம் ஒன்றைத் தடுக்கப் போனதற்காக 1992இல் அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் கீழமை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர் செய்த வேலைதான் அவரை அந்த ஆபத்துக்கு ஆளாக்கியது, அந்த வேலையைக் கொடுத்தவர்களுக்கு அவரைக் காக்கும் கடமை இல்லையா என்ற கேள்வியோடு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1997இல் அந்த வழக்கில் வந்த விசாகா தீர்ப்பு, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் நெறிமுறைகளைத் தந்தது. அவற்றைச் சட்டமாக்க நாட்டுக்கு மேலும் பதினாறு ஆண்டுகள் தேவைப்பட்டன. குளிரூட்டிய அரங்கில் உட்கார்ந்து நீங்கள் சான்றிதழ் வாங்கிய இந்தச் சட்டம் ஒரு மதிப்பூதியப் பெண்ணின் உடல்மீது எழுதப்பட்டது. அவரே உங்கள் கல்லூரிக்கு வந்திருந்தாலும் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொல்லியிருப்பார்கள்.

என் சின்னம்மா ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் சமையல் வேலை செய்தார். மாவட்டம் 1989இல் பிரிக்கப்படுவதற்கு முன்பு, வேலூர் வட ஆற்காட்டின் தலைநகராக இருந்த காலம் அது. கணியம்பாடிப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தில் வந்து இருட்டிய பிறகு திரும்புவார். பள்ளி விடுமுறைகளில் நானும் கூடப் போய்ச் சமையற்கட்டின் பின்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்திருக்கிறேன். புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்த அன்று, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சின்னம்மா அவளிடம் சொன்னது இன்னும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது: "ஸ்டோருக்கு ஒண்டியா போவாத. அரிசி பருப்பு வேணும்னா பொழுது சாயறதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சிடு. சாவிய கையில நீட்டினா வாங்காத, மேஜ மேல வெக்கச் சொல்லு." அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அதைவிடச் செறிவான பணியிடப் பாதுகாப்புப் பயிற்சியை நான் எங்கும் கண்டதில்லை. எந்த அறை, எந்த மனிதர், எந்த நேரம், என்ன தந்திரம் என்று எல்லாமே அதில் இருந்தன. அதே விடுதியின் காப்பாளர் நன்கு படித்த பெண்மணி. வெள்ளிக்கிழமை தோறும் மாணவிகளைக் கூட்டி வைத்துப் பெண்ணின் சுயமரியாதை பற்றி அழகாகப் பேசுவார். அவருடைய அறைக்கும் அந்தக் கிடங்குக்கும் நடுவே ஒரு தாழ்வாரம்தான். அவர் சமையற்கட்டுப் பெண்களிடம் எதுவும் கேட்டதுமில்லை, அவர்கள் சொன்னதுமில்லை. சொன்னால் மறுநாள் வேலையில் யார் இருக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உங்கள் வளாகத்திலும் எந்த மாடிப்படியில் விளக்கு எரிவதில்லை, யாருடைய அறையை அவர் வருவதற்கு முன்பே கூட்டிவிட்டு வெளியேறிவிட வேண்டும், எந்த ஆய்வகத்தில் மாலை வகுப்பு முடிந்த பிறகு போகக் கூடாது என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கும் அவருடைய தோழிகளுக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுவிடும் அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒப்பந்த சூப்பர்வைசர் என்னென்ன செய்ய முடியும் என்பதும் தெரியும். சென்னையிலிருந்து ரயிலேறி வந்தவரின் படக்காட்சியில் இவற்றில் எதுவும் இருந்திருக்காது. அந்த அரங்கில் பேசுவதற்கு எல்லோரையும்விடத் தகுதி பெற்றவரைத்தான் நீங்கள் வெளியே அனுப்பினீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளைப் படித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். முதல்வர், புல முதன்மையர், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினராகவே இருக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. உங்கள் துறைத் தலைவர் அங்கே உட்கார்ந்திருப்பது முறைகேடு. நீங்கள் அதைச் சங்கடமாக மட்டும் பார்த்திருக்கிறீர்கள். மேலும், குழுவில் ஆசிரியர் அல்லாத பணியாளர் இருவர் இருக்க வேண்டும். அந்த இரண்டு இடங்களுக்கும் அலுவலகக் கண்காணிப்பாளரையும் தட்டச்சரையும் போட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். ஓர் இடத்தையாவது விடுதிச் சமையற்கட்டிலிருந்தோ துப்புரவுப் பணியிலிருந்தோ வரும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லி நீங்கள் சண்டை போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதே என்பார்கள். புகார் எழுத்தில் இருக்க வேண்டும், எழுத முடியாத பெண்ணுக்குக் குழுவே அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவிலேயே இருக்கிறது. புகார் கொடுப்பவருக்கு எழுதித் தர முடிந்தவர்கள் உறுப்பினருக்கும் வாசித்துக் காட்டலாம்.

பயிற்சியால் பயன் உண்டா என்று கேட்டீர்கள். நடத்துவது சட்டப்படி நிர்வாகத்தின் கடமை. பயன் உண்டா என்பது யார் அரங்கில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. அடுத்ததைத் தமிழில் நடத்துங்கள். காலை ஷிப்ட் முடிந்து வேலூர் வெயிலில் பேருந்துக்கு ஓடுபவர்களைப் பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்லாதீர்கள். வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல், நாற்காலி போட்டு உட்காரவைத்து நடத்துங்கள். சூப்பர்வைசர்களுக்குத் தனியாக வேறொரு நாள் வையுங்கள். அவர்கள் எதிரில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் சக ஆசிரியை ஒருவரின் புகாரைப் பற்றிச் சில வரிகள் இருந்தன. பிரசுரிக்கும்போது நீக்கிவிட்டேன். புகாரின் உள்ளடக்கத்தையோ சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையோ வெளியே சொல்வதை அதே சட்டத்தின் பதினாறாம் பிரிவு தடை செய்கிறது. குழுவில் சேரப்போகிறவர் இதையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? மாணவிகளுக்காக நீங்கள் தினமும் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியையும் நீக்கினேன், உங்களை அடையாளம் காட்டிவிடும் என்பதால். அதைப் படித்த பிறகுதான் இவ்வளவு கடுமையாக எழுதலாம் என்ற துணிவு எனக்கு வந்தது.

முதல்வருக்கு எழுதும் ஒப்புதல் கடிதத்தில் துறைத் தலைவரின் பெயரை நீக்கும்படி முதலில் கேளுங்கள். குழு அமைத்த ஆணையைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முதல்வர் அறைக்கு எதிரே இருக்கும் கண்ணாடிப் பலகை போதாது, துப்புரவுப் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைக்கும் பதிவேட்டுக்கு மேலே, தமிழில், உறுப்பினர்களின் தொலைபேசி எண்களோடு ஒட்ட வேண்டும் என்றும் அதே கடிதத்தில் எழுதுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். கடிதத்தின் படி ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.