வாசகர் கேள்வி: பட்டறைக்குப் படம் கீற எது சுகம்?

கேள்வி: 20க்கு 30 அடியில் தச்சுப்பட்டறை ஒன்று கட்டப்போகிறேன். கணினியில் நானே படம் கீற லேசான மென்பொருள் எது? ஓட்டோகாட் படிக்க வேண்டுமா?
– கோண்டாவில் வாசகர்

பதில்: ஓட்டோகாட் வேண்டாம் தம்பி. அதைப் படித்து முடிக்கிறதுக்குள் கூரையே போட்டுவிடலாம். ஸ்வீற் ஹோம் த்ரீடி (Sweet Home 3D) என்ற மென்பொருளை இறக்குங்கள். இலவசம், இறக்கிய பிறகு இணையமும் தேவையில்லை. அளவை அடி-அங்குலத்துக்கு மாற்றிவிட்டுச் சுவரை இழுத்தால் மேலே படம், கீழே அதன் முப்பரிமாணம்.

அப்புறம் மெஷின்களைப் பெட்டி பெட்டியாக வையுங்கள். 8க்கு 4 பிளைவூட் ஒன்றையும் செவ்வகமாகப் போட்டு, வாள்மேசையைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள். 8 அடிப் பலகையை நீளவாக்கில் கிழிக்க மேசைக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வெறுமையாக இருக்க வேண்டும். மேசையையும் சேர்த்தால் உங்கள் 20 அடிப் பக்கம் மட்டுமட்டுத்தான். 30 அடிப் பக்கம் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

வாசலை மறக்க வேண்டாம். நான் கொப்பித் தாளில் கீறிக் கட்டின பட்டறைக்கு மூன்றடி வாசல். முதல் செய்த அலுமாரியை வெளியே எடுக்க நிலையைக் கழற்றினேன். மனிசி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பா.

கூரைக்கு மட்டும் ஸ்வீற் ஹோம் த்ரீடி சரிவராது. அதற்கு ஸ்கெச்சப் (SketchUp) என்ற மென்பொருள். இலவசப் பதிப்பு பிரவுசரில் ஓடும், இணையம் வேண்டும். பிரதேச சபைக்குக் கொடுக்கிற படத்தைப் படவரைஞரிடமே விடுங்கள்.